விலையேற்றமும் வீட்டு உக்கிராணமும்

உணவுப் பண்டங்களின் விலை ஏறுவதும் இறங்குவதும் நம் நாட்டிற்குப் புதியவை அல்ல. எனினும் அண்மை ஆண்டுகளில் அந்த ஏற்ற இறக்கம் எத்துணை வேகமாக நிகழ்ந்தது என்பதை மூன்று எண்கள் நன்கு புலப்படுத்தும். நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின்படி, காய்கறிகளின் விலைமட்டம் 2023 ஜூலையில் அதற்கு முந்திய ஆண்டின் அதே மாதத்தைக் காட்டிலும் 37.34 சதவிகிதம் உயர்ந்திருந்தது. 2024 அக்டோபரில் இவ்வுயர்வு 42.18 சதவிகிதமாயிற்று. 2025 ஜூலையிலோ, விலைமட்டம் முந்திய ஆண்டைவிட 20.69 சதவிகிதம் தாழ்ந்து நின்றது. இந்த இடைக்காலத்தில் மாதச் சம்பளம் பெறுவோரின் வருமானமாயினும், நாட்கூலி பெறுவோரின் வருமானமாயினும், இவ்வாறு ஏறி இறங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகைய வேளைகளில் அரசாங்கம் செய்யக்கூடிய காரியங்கள் சில உள. 2023 ஜூலையில் தக்காளி விலை பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைக் கடந்தபோது, மத்திய அரசு கூட்டுறவு அமைப்புகளின் வாயிலாகத் தில்லி முதலிய இடங்களில் முதலில் 90 ரூபாய்க்கும், பின்னர் 80, 70 ரூபாய்க்கும் தக்காளியை விற்பனை செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதியின்மீது 40 சதவிகிதத் தீர்வை விதிக்கப்பட்டது. டிசம்பரில் ஏற்றுமதியே தடை செய்யப்பட்டு, 2024 மே மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. இவையெல்லாம் சந்தையைச் சார்ந்தவை. மழை தவறுவதையோ, ஓரிடத்தில் விளைச்சல் குன்றுவதையோ, லாரி வாடகை ஏறுவதையோ ஒரு குடும்பத்தார் தடுத்து நிறுத்த இயலாது. காசு கொடுத்து வாங்கிய பண்டம், உக்கிராணத்திலிருந்து உண்கலத்தைச் சேருமுன் எவ்வளவு குறைகிறது என்பது மட்டுமே அவர்களுடைய ஆட்சிக்கு உட்பட்டது. அந்தக் குறைவுக்குக் காரணங்கள் உண்டு. அவை பெரும்பாலும் பௌதிக, உயிரியல் காரணங்கள். அவற்றை அறிந்து கொண்டால், சிக்கனம் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் விரதமாக இராமல், சாதாரண வீட்டு வேலைகளுள் ஒன்றாகிவிடும்.

தானியமும் அழுகும் பண்டங்களும்

நம் முன்னோர் வகுத்த வீட்டுச் சிக்கனம் முழுவதும் தானியத்தை மையமாகக் கொண்டது. அறுவடைக் காலத்தில் விலை மலிந்திருக்கும்போது நெல்லையோ கோதுமையையோ ஆண்டு முழுவதற்கும் வாங்கி, காயவைத்து, குதிரில் இட்டு வைப்பது அதன் அடிப்படை. அக்காலச் செலவுப் பட்டியலுக்கு அது மிகவும் பொருந்தியது. 1999–2000 ஆம் ஆண்டில் கூட, கிராமக் குடும்பங்களின் மொத்தச் செலவில் தானியங்கள் மட்டுமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெற்றிருந்தன. 2022–23 ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் அப்பங்கு ஏறத்தாழ 5 சதவிகிதமாகச் சுருங்கியிருக்கக் காண்கிறோம். அதே ஆய்வில், கிராமங்களில் பால், காய்கறி, பழம், முட்டை மீன் இறைச்சி ஆகிய நான்கு இனங்களும் சேர்ந்து மொத்தச் செலவில் ஏறத்தாழ 22 சதவிகிதம் ஆகின்றன. உணவுக்கென ஆகும் செலவு முழுவதும் 46 சதவிகிதம் எனின், அதில் ஏறக்குறையப் பாதி, சில நாட்களிலேயே கெட்டுப்போகக்கூடிய பண்டங்களுக்குச் செல்கிறது என்பது பெறப்படும்.

இது வருந்தத்தக்க மாறுதல் அன்று. பாலும் பழமும் காயும் மிகுதியாக உண்ணப்படுவது ஊட்டத்தின் நோக்கில் நன்மையே. ஆயினும், தானியத்துக்கென ஏற்பட்ட பழைய விதியை, அதாவது 'மலிந்தபோது மிகுதியாக வாங்கு' என்பதை, தக்காளிக்கும் கொத்துமல்லிக்கும் அப்படியே பொருத்தினால் நஷ்டமே விளையும். நம் வீடுகளில் பெருமளவுக்கு இன்று நடைபெறுவது இதுதான்.

இந்த இடத்தில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுதல் தகும். புள்ளி விவரங்களைத் தமிழாக்கும்போது எழும் முதல் தொல்லை, 'வீண்', 'இழப்பு', 'கழிவு' என்னும் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது. வயலிலிருந்து கடை வரையில் நேரும் குறைவை இழப்பு என்போம். உண்ணத்தக்கதாக இருந்தும் கடையிலும் வீட்டிலும் விடுதியிலும் எறியப்படுவது வீண். வாழைப்பழத் தோலும் மீன் முள்ளும் கழிவு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 2022 ஆம் ஆண்டில் 105 கோடி டன் உணவு எறியப்பட்டது என்றும், அதில் 60 சதவிகிதம் வீடுகளிலிருந்து வந்தது என்றும் கணித்துள்ளது. இந்திய வீடுகளுக்கு அது தரும் மதிப்பீடு, ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நாளொன்றுக்கு 150 கிராம் என்று கொள்ளலாம். இதனை மேடைகளில் எடுத்துரைப்போர், இந்த 55 கிலோவில் தோலும் முள்ளும் அடங்கும் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையேல் கேட்போர், 'எங்கள் வீட்டில் அவ்வளவு சோற்றை எறிவதில்லையே' என்று எண்ணி, மேற்கொண்டு சொல்லப்படும் உண்மையையும் ஏற்க மறுப்பர்.

இழப்பைப் பற்றிய எண்களில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. மத்திய உணவு பதப்படுத்தும் தொழில் அமைச்சகத்துக்காக நடத்தப்பெற்று 2022 இல் வெளியான ஆய்வின்படி, கொய்யாவில் 15.05 சதவிகிதமும், தக்காளியில் 11.61 சதவிகிதமும் கடையை அடையுமுன் இழக்கப்படுகின்றன. பாலில் நேரும் இழப்போ 0.87 சதவிகிதமே. வெயில் நாளில் கறந்த பாலைக் காய்ச்சாமல் வைத்தால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். கொய்யாவோ சில நாட்கள் நிற்கும். அவ்வாறிருக்க, விரைவில் கெடும் பொருள் குறைவாகவும், சற்றுத் தாங்கும் பொருள் மிகுதியாகவும் அழிவதேன்? பாலின் இயல்பை அறிந்து, கறந்தவுடன் சேகரித்துக் குளிர்வித்துக் காய்ச்சி அனுப்பும் ஏற்பாடு, கூட்டுறவுச் சங்கங்களின் முயற்சியால் நம் நாட்டில் ஏற்பட்டுவிட்டது. கொய்யாவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஒரு பண்டம் அழிவது அதன் தலைவிதியால் மட்டும் ஆவதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

வாங்கும் விலையும் உண்ணும் விலையும்

கடைக்காரர் கூறும் விலை வேறு; நாம் உண்ட பொருளுக்கு உண்மையில் ஆன விலை வேறு. பின்னதைக் காண்பதற்கு நான்காம் வகுப்புக் கணக்கே போதும். கொடுத்த பணத்தை, வாங்கிய எடையால் வகுக்காமல், உண்ட எடையால் வகுக்க வேண்டும்.

ஒரு தள்ளுவண்டியில் தக்காளி கிலோ 40 ரூபாய் என்றும், 3 கிலோவாக வாங்கினால் 100 ரூபாய் என்றும் விற்பதாகக் கொள்வோம். மூன்று கிலோ வாங்கினால் கிலோவுக்கு 33 ரூபாய் 33 காசு, ஆதாயம் கண்கூடு. ஆனால் அம்மூன்றில் முக்கால் கிலோ அழுகிப்போனால், உண்டது இரண்டேகால் கிலோ. அதன் விலை கிலோவுக்கு 44 ரூபாய் 44 காசு. ஒரு கிலோவாகவே வாங்கி முழுவதையும் உண்டவர் இவரைக் காட்டிலும் மலிவாக உண்டவராகிறார். ஆதாயத்துக்கும் நஷ்டத்துக்கும் இடையிலுள்ள எல்லை அரைக்கிலோ. மூன்று கிலோவில் அரைக்கிலோவுக்குள் கெட்டால் லாபம். அதற்கு மேற்பட்டால் நஷ்டம். இக்கணக்கை மாணவர்கள் பல்வேறு விலைகளுக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்னக் கணக்கில் கசப்புக் கொண்ட மாணவரும் தம் வீட்டுத் தக்காளியில் அதைப் போட்டுப் பார்ப்பதில் ஊக்கம் காட்டுவர்.

விலை ஏறும்போது வீணின் விலையும் கூடவே ஏறுகிறது என்பதையும் கருத வேண்டும். கிலோ 20 ரூபாய் விற்ற காலத்தில் கால்கிலோ அழுகினால் 5 ரூபாய் போயிற்று. 120 ரூபாய் விற்கும்போது அதே கால்கிலோ 30 ரூபாய்.

ஆகவே, மாதச் செலவுத் திட்டம் போடும்போது எல்லாப் பண்டங்களையும் ஒரே பட்டியலில் எழுதுவதைவிட, அவை எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கொண்டு பிரித்தெழுதுவது மேலானது. அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, புளி போன்றவை மாதத்துக்கு ஒருமுறை. உருளை, வெங்காயம், பூசணி, சேனை முதலியன வாரத்துக்கு ஒருமுறை. தக்காளி, கத்தரி, வெண்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. கீரையும் பாலும் அன்றன்று. மொத்தமாக வாங்கும் தள்ளுபடியை முதல் வகையில் தேடலாம். கடைசி இரு வகைகளில் தேடுதல் வீண்முயற்சி.

இங்கே ஒன்று கூறாமல் விடுவது முறையன்று. அன்றாடக் கூலி பெற்று, அன்றைய மாலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கும் வீட்டில் எறிவதற்கு ஏதும் எஞ்சுவதில்லை. அவ்வீட்டார் சிறு அளவில் வாங்குவதாலேயே எண்ணெய்க்கும் பருப்புக்கும் கூடுதல் விலை தருகிறார்கள். அங்குச் சென்று வீணாக்காதீர் என்று போதிப்பது அடாத செயல். அவ்வீடுகளுக்கு வேண்டியது, நான்கைந்து வீட்டார் ஒன்றுசேர்ந்து பருப்பும் எண்ணெயும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்து கொள்ளும் யோசனையே. மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ள ஊர்களில் இதைத் தொடங்குவது எளிது.

பறித்த பின்னும் உயிருள்ளவை

செடியிலிருந்து பறிக்கப்பட்ட காய் இறந்துவிட்டதாக எண்ணுகிறோம். அது உண்மையன்று. கடையிலிருக்கும் கத்தரிக்காயும், நம் கூடையிலிருக்கும் கீரையும் உயிருடன் சுவாசித்துக் கொண்டிருக்கின்றன. தம்மிடமுள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் உஷ்ணத்தையும் வெளிவிடுகின்றன. செடியில் இருந்தவரை வேரும் இலையும் இச்செலவை ஈடு செய்தன. பறித்த பின்னர் வரவில்லை. செலவு மட்டுமே நடக்கிறது. கையிருப்புத் தீருமட்டும் காய் நிற்கும்.

இச்செலவின் வேகம் உஷ்ணநிலையைப் பொறுத்தது. பொதுவாக, உஷ்ணநிலை 10 டிகிரி சென்டிகிரேட் உயரும்தோறும் சுவாச வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. 35 டிகிரியில் ஒரு நாள் கழிந்தால், 25 டிகிரியில் இரண்டு நாள் கழிந்ததற்கு ஒப்பாகும் என்று கொள்ளலாம். காலைச் சந்தையில் வாங்கிய காய்ப்பையை உச்சிவேளை வரை வெயிலில் வைத்துவிட்டு வீடு திரும்புவோர், ஒரு நாளைய ஆயுளைச் சாலையிலேயே செலவழித்து விடுகின்றனர்.

இரண்டாவது காரணம் நீர் வற்றுதல். கீரையில் பெரும்பகுதி நீரே. அதன் இலைப்பரப்போ விரிந்தது. எடையில் 5 முதல் 10 சதவிகித நீர் வெளியேறினாலே இலை துவண்டுவிடும். ஈரத்துணி சுற்றி நிழலில் வைப்பது இதற்காகவே. ஆனால் இலைமேல் நீர் சொட்டச்சொட்ட நெகிழிப் பையில் கட்டி வைத்தால், வாடுவதற்குப் பதிலாக அழுகும். கொத்துமல்லியைக் கழுவாமல், வேரைக் களைந்து, மேலீரம் உலர்ந்த பின் துணியிலோ காகிதத்திலோ சுற்றி வைப்பது நன்று. கழுவுவது சமைக்கும் வேளையில்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குப் புலனாகாதது. பழுக்கும் வாழை, மாம்பழம், பப்பாளி, தக்காளி ஆகியவை எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. இது பழுக்கச் செய்யும் வாயு. பழுத்த வாழைச் சீப்பின் அருகே பாகற்காயையும் வெள்ளரியையும் கீரையையும் வைத்தால், அவை விரைவில் மஞ்சளாகிவிடும். ஒரே கூடையில் எல்லாவற்றையும் இட்டு வைக்கும் பழக்கத்தால் விளையும் நஷ்டம் இது. காயாக உள்ள தக்காளியைப் பழுக்க வைக்க வேண்டுமாயின் இதே வாயு நமக்கு உதவும்.

இனித் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்ப்போம். விலை ஏறியதென்று செய்தித்தாளில் இடம் பெறுபவை பெரும்பாலும் இவையே. இம்மூன்றின் இயல்பும் ஒன்றுக்கொன்று மாறானது.

தக்காளி வெப்ப நாட்டுச் செடியில் காய்ப்பது. மிகுந்த குளிர் அதற்கு ஆகாது. ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே வைத்த செங்காய், பின்னர் வெளியில் எடுத்தாலும் சரியாகப் பழுப்பதில்லை, மணமும் குன்றும். ஆகவே செங்காயை நிழலில், ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல், பரப்பி வைக்க வேண்டும். நன்கு பழுத்ததைச் சில நாட்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். விலை மிக ஏறும் வாரங்களில், தக்காளி குழம்பில் செய்யும் வேலை பெரும்பாலும் புளிப்பைத் தருவதே என்பதை நினைவு கூர வேண்டும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அதற்கு முன்னரும் நம் நாட்டில் புளிக்கறிகள் இருந்தன. வடக்கே உலர்ந்த மாங்காய்த்தூள், கொங்கணத்தில் கோகம் புளி, தெற்கே புளியம்பழம், எங்கும் மோர் என்று புளிப்புக்குப் பல வழிகள் உள. இவற்றுள் உலர்ந்தவை மாதக்கணக்கில் நிற்பவை.

வெங்காயம் உறக்கத்திலிருக்கும் ஒரு குமிழ். உறக்கம் கலைந்தால் முளை விடும். ரபிப் பருவத்தில் பயிராகி ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாவதே சேமிப்புக்கு உகந்தது. நாட்டு விளைச்சலில் பெரும்பங்கும் அதுவே. அடுத்த விளைச்சல் அக்டோபர், நவம்பரில் சந்தைக்கு வரும்வரை அந்த இருப்பே நாடு முழுவதற்கும் உணவாக வேண்டும். இந்த நான்கைந்து மாதச் சேமிப்பில் வற்றியும் அழுகியும் முளைத்தும் எடையில் கால்பங்குக்கு மேலும் குறைவதுண்டு. செப்டம்பர் முதல் விலை ஏறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். மகாராஷ்டிரத்தில் லாசல்காவ் என்னும் வெங்காயச் சந்தை நகரில், முளைப்பதைத் தடுக்கும் பொருட்டுச் சிறிதளவு காமாக் கதிர் பாய்ச்சும் நிலையம் ஒன்றைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002 இல் நிறுவியது. வீட்டாருக்கு வேண்டிய பாடம் எளிது. கழுத்துச் சுருங்கி, மேல்தோல் சருகாக உலர்ந்த ரபி வெங்காயத்தை மே மாதத்தில் சற்று மிகுதியாக வாங்கிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடலாம். மழைப்பருவ வெங்காயத்தில் நீர் மிகுதி. அது மலிந்தாலும் மூட்டையாக வாங்கலாகாது.

உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, சோலனின் என்னும் கசப்பு நஞ்சு உண்டாகும். அது சமைப்பதால் அழிவதில்லை. பச்சைப் பகுதியைத் தடிப்பாகச் சீவி எறிய வேண்டும். கசக்கும் கிழங்கை முழுவதும் எறிவதே நலம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கில் மாச்சத்துச் சர்க்கரையாக மாறுவதால், பொரித்தால் கருகும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் இடும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. கிழங்கு விடும் ஈரத்தால் வெங்காயம் அழுகும். ஆகவே பிரித்து வைப்பது நன்று.

மண்ணும் நீரும் தரும் குளிர்ச்சி

2019–21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 வீடுகளிலேயே குளிர்சாதனப் பெட்டி இருந்தது. ஏனையோருக்கு வழியில்லை என்று எண்ண வேண்டா. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட 'மின்சாரம் வேண்டாக் குளிர் அறை' இவர்களுக்காகவே அமைந்தது.

நிழலான இடத்தில் செங்கல்லால் தரை பரப்பி, அதன்மேல் இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரு சுவர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். மூங்கில் சட்டத்தில் வைக்கோலோ சாக்கோ வேய்ந்து மூடி செய்துகொள்ளலாம். காலையும் மாலையும் மணலுக்கும் சுவருக்கும் நீர் தெளித்தால், அந்நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் உஷ்ணத்தை எடுத்துச் செல்லும். வறண்ட கோடையில் உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை உஷ்ணம் தணிகிறது. ஈரப்பதம் 90 சதவிகிதத்தை ஒட்டி நிற்பதால் காய்கள் வாடுவதுமில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்துள்ள கடற்கரைப் பகுதிகளிலும் மழைக்காலத்திலும் நீர் விரைவாக ஆவியாவதில்லை. அப்போது பயன் குறைவு. உலர்ந்த உட்பகுதிகளிலேயே இது நன்கு பயன்படும். பள்ளித் தோட்டத்தில் சிறிய அளவில் ஒன்று கட்டி, உள்ளும் புறமும் வெப்பமானி வைத்து மாணவர்களைக் கொண்டு குறிப்பெடுக்கச் செய்வது நல்ல பாடமாகும்.

பருப்பையும் தானியத்தையும் பற்றி இவ்விதழின் வாசகர்கள் பலவும் அறிவர். ஆகவே சுருக்கமாகக் கூறுவோம். தானியத்தில் ஈரம் 12 சதவிகிதத்துக்கு மிகாதிருப்பின் வண்டும் பூஞ்சணமும் எளிதில் பெருகுவதில்லை. முழுப்பயற்றில் வண்டின் முட்டை வயலிலேயே ஒட்டிக்கொண்டு வருவதால், டப்பா எவ்வளவு இறுக்கமாயினும் உள்ளிருந்தே வண்டு புறப்படும். வாங்கியவுடன் கடும் வெயிலில் காயவைத்து ஆறவிட்டு, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் பூசி வைத்தால் முட்டை பொரிப்பது தடைப்படும். உடைத்த பருப்பில் இத்தொல்லை குறைவு.

சமைத்த உணவு

வீட்டில் எறியப்படுவதில், மனத்தை மிகவும் உறுத்துவது சமைத்த சோறு. இதில் சிக்கனமும் உடல்நலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் இருத்தல் இயல்பு. அவை கொதியிலும் மடிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்துக்கள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும்; வாந்தியை விளைவிக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடாக்குவதாலும் அழிவதில்லை. ஆகவே, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணநிலையில் சமைத்த உணவை நெடுநேரம் வைத்தலாகாது என்பது விதி. மிச்சத்தை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரே முறை நன்கு சூடாக்கி உண்ண வேண்டும்.

பெட்டி இல்லாத வீடுகளில் நம் மக்கள் கண்ட வழி, சோற்றை நீரில் ஆழ்த்திப் புளிக்க வைப்பது. ஒடிசாவில் பகாளம், வங்காளத்தில் பாந்தா பாத், அஸ்ஸாமில் போய்தா பாத், தமிழ்நாட்டில் பழைய சோறு என இதற்குப் பெயர்கள் பல. சோறு உடனே நீரில் ஆறுகிறது. இரவில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகி நீரைப் புளிக்கச் செய்கின்றன. அப்புளிப்பு தீய கிருமிகள் பெருகுவதற்கு இடர் செய்கிறது. சோறு ஆறியவுடன் தூய நீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே உண்டுவிடுவது இதன் முறை. பகல் முழுவதும் வெளியில் கிடந்த சோற்றில் இரவு நீர் ஊற்றுவது இம்முறை ஆகாது. அதற்குள் நஞ்சு உண்டாகியிருந்தால் புளிப்பு அதை நீக்காது.

சிக்கனத்துக்கு ஓர் எல்லை

1974 ஆம் ஆண்டு இறுதியில், ராஜஸ்தானத்தின் பன்ஸ்வாரா மாவட்டத்திலும் அதனை அடுத்த குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டத்திலும், பழங்குடி மக்களிடையே மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சென்று ஆராய்ந்தனர். அவர்கள் பதிவு செய்த 397 நோயாளிகளில் 106 பேர் மாண்டனர். காரணம், அவர்கள் உண்ட மக்காச்சோளம். பருவம் தவறிய மழையில் நனைந்து, சரியாக உலராமல் வைக்கப்பட்ட அதில் அஸ்பர்ஜிலஸ் இனப் பூஞ்சணம் பற்றி, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைப் பெருமளவில் உண்டாக்கியிருந்தது. பூஞ்சணம் பிடித்தது என்று அறியாமல் அம்மக்கள் உண்ணவில்லை. வேறு தானியம் இல்லாமையால் உண்டனர்.

இந்நஞ்சு கொதிக்க வைப்பதாலும் வறுப்பதாலும் முற்றிலும் அழிவதில்லை. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கழுவிக் காயவைத்து உண்பதும், எண்ணெய்க்கு ஆட்டுவதும், பால்மாட்டுக்கு இடுவதும் சிக்கனம் ஆகா. மாட்டுக்கு இட்டால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் திரும்ப வரும். ரொட்டியிலோ மென்மையான பழத்திலோ ஓரிடத்தில் பூஞ்சணம் தெரிந்தால், அதன் இழைகள் உள்ளே பரவியிருக்கும். அவ்விடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு எஞ்சியதை உண்பது தவறு. விலை ஏறிய காலத்தில் எறிய மனம் வராது. ஊழியர்கள் வீடுகளில் 'ஒன்றையும் எறியாதீர்கள்' என்று பொதுப்படக் கூறுவது இக்காரணத்தால் ஆபத்தானது. எதை எறிய வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஒரு வார எடைக்குறிப்பு

மேலே கூறியவற்றுள் எது தம் ஊருக்கு ஏற்றது என்பதை அறிய ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஓர் எளிய வழி உண்டு. விருப்பமுள்ள பத்து வீடுகளைத் தேர்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பாத்திரங்களை வைக்கச் சொல்ல வேண்டும். தோல், காம்பு, முள் முதலிய கழிவு ஒன்றில். சமைக்குமுன் அழுகியோ வாடியோ எறியப்பட்டது இரண்டாவதில். சமைத்தபின் எஞ்சி எறியப்பட்டது மூன்றாவதில். ஒவ்வொரு நாள் இரவும் எடை பார்த்து, பண்டத்தின் பெயரையும், வாங்கிய விலையையும், எறிந்த காரணத்தையும் குறித்து வைக்க வேண்டும். ஒரு வாரம் போதும். வீட்டின் பெயரை ஏட்டில் எழுதாமல் எண் மட்டும் இடுவது நன்று. இல்லையேல் அண்டை வீட்டாருக்கு நாணி உண்மையை மறைப்பர்.

வார முடிவில் இரண்டாம், மூன்றாம் பாத்திரங்களின் எடையை மட்டும் ரூபாயாக மாற்றிக் காட்ட வேண்டும். இரண்டாம் பாத்திரம் கனமாயின், வாங்கும் அளவிலும் வைக்கும் முறையிலும் திருத்தம் வேண்டும் என்று பொருள். மூன்றாவது கனமாயின், சமைக்கும் அளவில் திருத்தம் வேண்டும். முதற்பாத்திரத்தைப் பற்றிக் கவலையில்லை. அது உரக்குழிக்கோ மாட்டுக்கோ உரியது. இக்குறிப்பைக் கோடையில் ஒரு வாரமும், மழைக்காலத்தில் ஒரு வாரமும், காய்கறி மலியும் ஜனவரியில் ஒரு வாரமும் எடுத்தல் வேண்டும். மே மாதத்தில் எடுத்த எண்களை வைத்துக்கொண்டு ஜனவரியைப் பற்றிப் பேச இயலாது.